அக்டோபர் குளிரில் கூடாரத்துக்கு எந்த ஹீட்டர்?

அக்டோபர் இரண்டாவது வாரத்தில், நன்றியறிதல் நாள் விடுமுறையை ஒட்டி, மனைவியோடும் ஐந்து வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடும் ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் மூன்று இரவுகள் தங்கப் போவதாகவும், ஆறு பேர் படுக்கும் கூடாரம் கையில் இருப்பதாகவும், அதற்கு எந்த ஹீட்டர் வாங்கலாம், அதை இரவு முழுவதும் எரியவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கான பதில் அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. எரிபொருளைக் கூடாரத்துக்குள்ளேயே எரிக்கும் எந்த ஹீட்டரையும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நீங்கள் தூங்கும்போது எரியவிடாதீர்கள். இரவு முழுவதும் வெப்பம் வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்யுங்கள், அல்லது எரிந்த வாயுவைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் டீசல் ஹீட்டரை வாங்குங்கள். மற்ற எல்லா ஹீட்டர்களும் படுக்கப் போகும் முன் அரை மணி நேரம், காலையில் எழுந்ததும் அரை மணி நேரம், அவ்வளவுக்குத்தான்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் குன்னூரில் வளர்ந்தவன். மார்கழி, தை மாத இரவுகளில் எங்கள் வீட்டில் கணப்புச் சட்டியில் கரி போட்டுக் குளிர் காய்வோம். படுக்கப் போகும் முன் அம்மா அந்தச் சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் வெளித் திண்ணையில் வைத்துவிடுவார். நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே விட்டுவைக்க மாட்டார். கரி நன்றாகச் சிவந்த பிறகு அதில் புகை இராது, வாசனை இராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும் என்பதைப் பள்ளியில் படித்தபோதுதான் அவர் செய்ததன் பொருள் எனக்கு விளங்கியது. அந்த வாயு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு சோர்வு என்று வரும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த மூன்றும் தெரியாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், ஒரு விடுதி அறையில் காஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்கிய கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் இறந்து போனார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். அது சுவரும் கூரையும் உள்ள அறை. உங்களுடைய கூடாரம் அந்த அறையைவிடச் சிறியது.

கடைகளில் விற்கும் புரொப்பேன் ஹீட்டர்களில், குறிப்பாக மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் ‘பட்டி’ வகையில், ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைந்துவிடும் அமைப்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல அமைப்புதான்; அது இல்லாத ஹீட்டரை நான் வாங்கவே மாட்டேன். ஆனால் அது அளப்பது ஆக்சிஜனை மட்டும்தான். வழக்கமான 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குக் காற்றில் ஆக்சிஜன் இறங்கும்போது, ஹீட்டரைப் பற்றவைப்பதற்காக உள்ளே எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர் நிலைகுலைந்து, எரிவாயு வருவது அடைபடும். எரியும் தட்டில் தூசி அடைந்து, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே எரிதல் சரியாக நடக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டானால், அதை அந்த அமைப்பு அறியாது. கராஜில் ஒரு வருடம் கிடந்த ஹீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, ஹீட்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது. கூடாரத் துணி வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக, உள்ளேயும் வெளியேயும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் தோராயமாக 5 வாட் வெளியேறுகிறது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தரையுள்ள ஒரு கூடாரத்தில் சுவரும் கூரையுமாகச் சுமார் 20 சதுர மீட்டர் துணி இருக்கும். அப்படியானால் ஒரு டிகிரிக்கு 100 வாட். 1,500 வாட் ஹீட்டர் காற்றே வீசாத இரவில் 15 டிகிரி உயர்த்திக் கொடுக்கும். காற்று வீசினால், அதுவும் உங்கள் கூடாரத்தின் கூரை பாதிக்கு மேல் கொசுவலையாக இருந்தால், அதில் பாதிதான் கிடைக்கும். அதாவது வெளியே 1 டிகிரி என்றால் உள்ளே 8 அல்லது 9 டிகிரி. வீட்டின் வரவேற்பறை போன்ற வெதுவெதுப்பை எதிர்பார்த்து மேலும் பெரிய ஹீட்டரைத் தேடாதீர்கள்; ஹீட்டர் பெரிதாக ஆக, துணிக்கும் பிள்ளைகளின் கைகளுக்கும் உள்ள ஆபத்துதான் கூடும். அணைத்த சில நிமிடங்களில் உள்ளே பழைய குளிர் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மின்சார ஹீட்டர். அல்கோன்குவினில் மியூ லேக் முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு. அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் முகாம். ஒன்டாரியோ பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும் என்பதால் நீள்வார இறுதிக்கு இப்போது இடம் கிடைப்பது கடினம், ஆனால் வாரக்கடைசி நெருங்க நெருங்க ரத்துசெய்பவர்கள் வருவார்கள். காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்து இரண்டு முறை எனக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் ஹன்ட்ஸ்வில் அருகில் உள்ள ஆரோஹெட் பூங்காவில் மின் இணைப்புள்ள இடத்தைத் தேடுங்கள். பிள்ளைகள் ஐந்து வயதில் இருக்கும்போது, பெயர் பெற்ற பூங்காவில் மின்சாரமில்லாத இடத்தைவிட, அடுத்த பூங்காவில் மின்சாரமுள்ள இடமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மின்சார ஹீட்டரிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய நீட்டிப்பு வயர் அதைத் தாங்காமல் சூடாகிவிடும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்ட, 14 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த 12 கேஜ் வயரை வாங்குங்கள். எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். சுருட்டி வைத்த நிலையில் பயன்படுத்தாமல் முழுவதையும் பிரித்துப் போடுங்கள், ஏனென்றால் சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறையே உருகிவிடக் கூடும். பல பிளக்குகள் செருகும் பவர் பாரில் ஹீட்டரைச் செருகவே கூடாது. ஹீட்டரில் 750 வாட், 1,500 வாட் என்று இரண்டு நிலைகள், வெப்பநிலையைப் பார்த்துத் தானாக நின்று இயங்கும் தெர்மோஸ்டாட், சாய்ந்தால் அணையும் சுவிட்ச் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். விசிறியுள்ள பீங்கான் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் வெப்பம் தரும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் மெதுவாகச் சூடேறினாலும் சத்தமில்லாதது, எரியும் கம்பி எதுவும் வெளியே தெரியாதது, எடை மட்டும் அதிகம். காரை நிறுத்தும் இடத்திலேயே கூடாரம் போடுகிறீர்கள் என்பதால் எடை உங்களுக்குப் பொருட்டில்லை. சிறு பிள்ளைகள் உள்ள கூடாரத்தில் நான் ரேடியேட்டரைத்தான் வைப்பேன். இரண்டுமே உலர்ந்த இடத்துக்கென்று செய்யப்பட்டவை. ஆகவே மழைநீர் புகாத, பனிநீர் சொட்டாத இடத்தில், தட்டையான பலகையின் மேல், துணியிலிருந்தும் படுக்கையிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மின் இணைப்பு கிடைக்கவே இல்லையென்றால் புரொப்பேன். மணிக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை தரும் சிறிய ஹீட்டர் போதும். கிலோவாட்டில் அது 1.2 முதல் 2.6 வரை. ஒரு பவுண்டு சிலிண்டர், குறைந்த நிலையில் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், உயர்ந்த நிலையில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் எரியும். நான் சொன்னபடி காலையும் மாலையும் அரை மணி நேரம் மட்டும் எரித்தால் மூன்று நாளுக்கு இரண்டு சிலிண்டர் தாராளம். எரியும்போது எதிரெதிராக இரண்டு இடங்களில், மேலே ஒன்றும் கீழே ஒன்றும், திறப்பு இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் விழித்தபடி அருகிலேயே இருக்க வேண்டும். புரொப்பேன் எரியும்போது நீராவியும் உண்டாகிறது: ஒரு பவுண்டு சிலிண்டர் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீர் கூடாரத்துக் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த துணியில் படிந்து, விடியற்காலையில் படுக்கையின் மேல் சொட்டும். திறப்பை மூடினால் வெப்பம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இப்படி நனைந்து இன்னும் குளிர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ராக்கி மலைப் பக்கம் போகும் நண்பர்கள் இதைப் படித்தால், 7,000 அடிக்கு மேல் இந்த ஹீட்டர்கள் அடிக்கடி அணைந்துவிடக் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளவும். அல்கோன்குவினில் அந்தக் கவலை இல்லை.

வாங்கவே கூடாதவை இரண்டு. சிலிண்டரின் தலையிலேயே திருகி மாட்டும், வட்டத் தட்டு போன்ற ஹீட்டர் திறந்த வெளிக்கு மட்டுமே உரியது. எங்கள் குழுவில் ஒருவர் அதை மழைக்காகக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். இருபது நிமிடத்தில் என் மகள் தலை வலிக்கிறது என்றாள். பயணக் களைப்பு என்று சொல்லித் தூங்க வைக்கப் பார்த்தேன். பிறகு எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி தெரிந்ததும்தான் எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். வெளிக்காற்றில் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஒருவேளை அவள் தூங்கியிருந்தால் என்ற நினைவு இன்றும் என்னை விடவில்லை. இன்னொன்று, சீன, கொரியக் கடைகளில் மேசை அடுப்புக்கு விற்கும் நீளமான பியூட்டேன் டப்பாவில் இயங்கும் ஹீட்டர். அதிலும் அதே ஆபத்து உண்டு. அதோடு, பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே வாயுவாகாமல் நின்றுவிடும், புரொப்பேனோ மைனஸ் 42 வரை வாயுவாக வரும். குளிர் மிகும் நேரத்தில் கைவிடும் பொருளை எதற்குச் சுமக்க வேண்டும்?

டீசல் ஹீட்டரில் எரியறை மூடியது. அது வெளியிலேயே இருந்து, சூடான தூய காற்றை மட்டும் குழாய் வழியாக உள்ளே அனுப்பும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகவே டீசல் குடிக்கும், ஆனால் 12 வோல்ட் பேட்டரி வேண்டும். தொடங்கும்போது மட்டும் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். புகைபோக்கிக் குழாயின் வாய், காற்று புகையைக் கூடாரத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து முறை குளிரில் முகாமிடுபவர்களுக்கு இது ஏற்றது. ஒரே ஒரு பயணத்துக்கு வேண்டாம். புகைக்குழாய்க்கு இடம்விட்டுத் தைத்த கித்தான் கூடாரத்தில் வைக்கும் விறகடுப்பைப் பற்றி நீங்கள் இப்போது யோசிக்கவே வேண்டியதில்லை. கையடக்க மின்கலப் பெட்டியில் 1,500 வாட் ஹீட்டரை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், 1,000 வாட்-மணி கொண்ட பெட்டி நாற்பது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அதே பெட்டி 50 வாட் மின்கம்பளி ஒன்றை இரவு முழுவதும் தாங்கும்.

நள்ளிரவில் பிள்ளைகளைக் காப்பது ஹீட்டர் இல்லை, அவர்களுக்கு அடியில் உள்ள மெத்தைதான். சாதாரணக் காற்று மெத்தையில் உள்ள காற்று உடம்பின் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும்; வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு (R-value) 4க்கு மேல் உள்ள விரிப்பை வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள எல்லை வெப்பநிலையை நம்பாமல், வசதியான உறக்கத்துக்குரிய வெப்பநிலை மைனஸ் 5 என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். படுக்கும் முன் ஒரு லிட்டர் வெந்நீரை இறுக மூடும் புட்டியில் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, கால்மாட்டில் வைத்தால் என் மகள் விடியும்வரை புரள்வதுகூட இல்லை.

எந்த ஹீட்டர் வாங்கினாலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் வாங்குங்கள். பக்கத்துக் கூடாரத்தின் புகையும் உங்களுடையதற்குள் வரலாம். வீட்டுக்கான அலாரங்களில் பல, 4 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யும் என்று உறுதி தருவதில்லை. பெட்டியின் பின்புறத்தில் இயக்க வெப்பநிலையைப் படித்து, குளிருக்கேற்றதை எடுங்கள். அலாரம் 70 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு அந்த வாயு) அளவில் ஒலிக்க ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம்வரை ஆகலாம், 400 பி.பி.எம். என்றால் நான்கிலிருந்து பதினைந்து நிமிடம். ஆகவே அது ஒலிக்கவில்லை என்பதை ஹீட்டரை எரியவிட்டபடி தூங்குவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பிள்ளைகள் தலைவைக்கும் உயரத்தில் மாட்டுங்கள். ஒலித்தாலோ, யாருக்காவது காரணமில்லாமல் தலை வலித்தாலோ, எல்லோரும் உடனே வெளியேறி, 911க்கு அழைத்துவிட்டுக் காரில் காத்திருங்கள். ஹீட்டரை அணைப்பதற்காகவோ கைப்பேசியை எடுப்பதற்காகவோ யாரும் திரும்ப உள்ளே போக வேண்டாம். காரின் சாவியும் கைப்பேசியும் கூடார வாசலுக்கு வெளியே கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை, வீட்டுத் தோட்டத்தில் கூடாரத்தைப் போட்டு, வயரும் ஹீட்டரும் அலாரமும் வைத்து ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வயர் எட்டுகிறதா, எங்கே சூடாகிறது, பிள்ளை எந்தப் பக்கம் உருள்கிறாள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.