முகூர்த்தத்துக்கு மட்டும் மேளம் போதுமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், குத்தாலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நாகஸ்வர ஆசிரியர்.

கேள்வி: ஐயா, தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம், வரவேற்புக்கு டிஜே என்று பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள். நாகஸ்வரம் முகூர்த்த நேரத்துக்கு மட்டும் போதுமாம். என் மனசு கேட்கவில்லை. அவர்களிடம் என்ன சொல்லட்டும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, செண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். கேரளத்துக் கோயில் வாத்தியம் அது. அதற்கும் இலக்கணம் உண்டு, சாதகம் உண்டு. என் வருத்தமெல்லாம் நம் வாத்தியத்துக்கு நாம் விடும் நேரத்தைப் பற்றித்தான். ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டு, அதிலும் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டும்போது ஊதுவதே வேலை என்றால், அந்த வித்துவான் எதை வாசிப்பார்? நாகஸ்வரம் ராகத்துக்கென்றே பிறந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாவடுதுறையில் இருந்த ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால், இரவு முழுக்க ஜனம் தெருவில் நின்று கேட்டது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

போன ஆவணியில் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். என்னிடம் படித்த பையன்தான் வாசித்தான். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி எடுத்து, மெதுவாகப் பிடித்து, மேல் ஷட்ஜத்துக்கு ஏறுகிறான். அந்த இடத்தில் ஒருவர் வந்து கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டுமாம். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செண்டையை நிறுத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேளுங்கள். வேறு சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில். பத்து நாற்காலி எதிரே போட்டு, நீங்கள் முதலில் உட்காருங்கள். ஒரு வாரம் முன்பே வித்துவானைப் பார்த்து, எந்த ராகம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் வாசிப்பே மாறிவிடும். தவிலுக்குத் தனி விடச் சொல்லுங்கள், தவில் மட்டும் தனியே வாசிக்கட்டும். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி, நடுவே அந்தக் கணக்கு! டிஜே கேட்ட பிள்ளைகளே எழுந்து பக்கத்தில் வந்து நிற்பார்கள். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வாசிக்க வந்தவர்களைக் கடைசிப் பந்திக்குக் காத்திருக்க விடாதீர்கள்.

கேள்வி: நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. செய்பவர்களுக்கு அதனால் பலன் உண்டா?
– வாசகர், ஆடுதுறை

பதில்: 2022-ல் கிடைத்தது. பெயருக்கு அது காவல். ஆனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முற்றின ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்து, கடைந்து, துளை போட்டு, சுருதி பார்த்து முடிக்கும் ஆசாரிக்கு வேண்டியது, வாங்க வரும் ஆள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் அந்தப் பட்டறை ஓடும். உங்கள் தெருவில் ஒரு பையனையோ பெண்ணையோ சேர்த்துவிடுங்கள், மூன்று வருஷப் படிப்புதான்.

கேள்வி: திருவையாறு ஆராதனைக்குப் பேத்தியை முதல் தடவை அழைத்துப் போகிறேன். அவளுக்கு எதைக் காட்டலாம்?
– வாசகர், பாபநாசம்

பதில்: பஞ்சரத்தினம் கேட்டு முடிந்ததும், தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் நினைவிடத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் அவர்தான், தன் சொத்தைப் போட்டு. அதே இடத்தில் அந்த நாளில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தது. அவர் விடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் ஆராதனையைத் தனித்தனியே நடத்தி வந்த கட்சிகள் ஒன்றான பிறகு பெண்களும் சேர்ந்து பாடினார்கள். 1952-ல் காலமானார். உங்கள் பேத்தி அங்கே உட்கார்ந்து பாடுகிற ஒவ்வொரு வரியும் அந்த அம்மாள் வாங்கித் தந்தது.

கேள்வி: போன இதழில் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சங்கீத வாத்தியாருக்கு அரசியல் எதற்கு?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: தம்பி, சீவாளி ஆற்றங்கரை நாணலில் செய்வது. கோயில் உற்சவம் நெல் விற்ற காசில் நடப்பது. 2023-ல் ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தும், தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை கருகியது. அடுத்த வருஷம் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துக் கோயிலில் எப்போதும் இரண்டு செட் மேளம் வைப்பார்கள். அந்த வருஷம் ஒரு செட்.

2020-ல் நம் டெல்டா வயல்களைக் காக்கப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், வரவேற்றேன். ஆனால் ஏற்கெனவே நடக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை. 2023-ல் உங்கள் பக்கத்து வடசேரியே நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் ஊராக ஜனம் எதிர்த்தது, அந்த ஏப்ரலிலேயே பெயரை எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு மனுவோடு வந்த பிள்ளைகளுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மனு வந்தாலும் போடுவேன்.