மன்னிப்பை நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா? – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு ஜனாதிபதி வழங்கிய பொதுமன்னிப்பை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்ததை வரவேற்று எழுதியிருந்தீர்கள். மரண தண்டனையே கூடாது என்று சொல்லிவரும் நீங்கள் இதை எப்படி வரவேற்கிறீர்கள்? கருணை காட்டும் அதிகாரத்துக்குள் நீதிமன்றம் நுழைந்தால், நாளை தமிழ் அரசியல் கைதிகளை ஒரு ஜனாதிபதி மன்னிக்க முன்வந்தாலும், யாராவது மனுத் தாக்கல் செய்து அதையும் தடுத்துவிட மாட்டார்களா?

ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள வாசகருக்கு,

தண்டனையைக் குறைப்பதும் ஆளையே விடுவிப்பதும் உங்கள் முதற் கேள்வியில் ஒன்றாகிவிட்டன. 1976இற்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை; ஆகவே 2024 ஜனவரியில் வந்த தீர்ப்பு அவரைத் தூக்குமேடைக்கு அல்ல, சிறைக்கே திருப்பி அனுப்பியது. அவரது மரண தண்டனை ஆயுட்காலச் சிறையாக மாற்றப்பட்டிருந்தால் அதற்கெதிராக நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் 2018இல் உயர் நீதிமன்றமே உறுதிசெய்த கொலைத் தீர்ப்பைத் தாண்டி அவர் 2021 ஜூனில் வெளியே வந்தார். அடுத்த சில வாரங்களில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. இதைக் கருணை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை, மரண தண்டனைக் கைதியின் விடயத்தில் மட்டும் ஜனாதிபதிக்கு ஒரு வழிமுறையை விதிக்கிறது. வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை பெற வேண்டும். அதன்மேல் சட்டமா அதிபர் ஆலோசனை தர வேண்டும். இரண்டும் நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வர வேண்டும். அந்த வழியே போனாரா, முடிவுக்குக் காரணம் இருந்ததா என்பவற்றையே நீதிமன்றம் பார்த்தது. இரக்கப்பட்டது சரியா என்று அது கேட்கவில்லை. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய 2015இல் 19ஆவது திருத்தம் வழி திறந்திராவிட்டால் இந்தக் கேள்விகளை எழுப்பவே இடமிருந்திராது. றோயல் பார்க் கொலை வழக்கில் 2019இல் அளிக்கப்பட்ட மன்னிப்பும் 2024 ஜூனில் இவ்வாறே வீழ்ந்தது.

நம்மவர்கள் இவ்விடயத்தில் முதலில் நினைக்க வேண்டியது யாழ்ப்பாணத்து மிருசுவிலைத்தான். 2000 டிசம்பரில் அங்கே ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். 2015இல் ஓர் இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2019இல் ஐந்து நீதியரசர்கள் அதை உறுதிசெய்தனர். மறுவருடம் மார்ச் மாதம், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, அவர் ஜனாதிபதி மன்னிப்பில் விடுவிக்கப்பட்டார். (நம் மாவட்டத்துக் குமாரபுரம் படுகொலை வழக்கும், 2006இல் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்ட வழக்கும் தண்டனை வரைகூடப் போகவில்லை.) கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று 34ஆம் உறுப்புரை எங்கும் சொல்லவில்லை. நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டால் அக்குடும்பங்கள் வேறு எங்கே போய்க் கேட்கும்?

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். கருணை மனு விடயத்தில் நீதிமன்றம் தலையிட்டது எப்போதும் கைதிக்குக் கேடாக முடியவில்லை. 2014 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், கருணை மனுக்கள் பதினொரு ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததைக் காரணமாகக் காட்டியே ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகளான முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் தூக்கை ஆயுள் தண்டனையாக்கியது. அன்று அந்த வாசல் மூடியிருந்தால் மூவரும் எந்நேரமும் தூக்கிலிடப்பட்டிருக்கலாம்.

நம் கைதிகளைப் பொறுத்தவரை, ஆயுள் தண்டனை பெற்றோருக்கு அந்த மூன்று படிகளும் சட்டப்படி கட்டாயமில்லை. சமத்துவத்தைக் காட்டி யாரேனும் மனுத் தாக்கல் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் தந்த வாக்குமூலத்தையே சான்றாகக் கொண்டு தண்டிக்கப்பட்டவர்கள், பல்லாண்டுகள் உள்ளே கழித்தவர்கள் என்ற காரணங்கள் கோப்பில் எழுதப்பட்டிருக்குமானால், அந்த மன்னிப்பை எதேச்சையானது என்று வாதிடுவது எளிதாயிராது. அந்தக் கோப்பைத் திறந்து காரணங்களை எழுதிக் கையொப்பமிட ஒரு ஜனாதிபதி முன்வராததுதான் இன்றுள்ள தடை; நீதிமன்றம் அல்ல.