மண் பார்த்து ஓடுங்கள்: இங்கிலாந்து நாட்டுப்புறத் தடங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

பூங்காவில் 10 கி.மீ. ஓட எனக்கு 65 நிமிடம் ஆகிறது. முதன்முறையாக நாட்டுப்புறத்தில் ஓட ஆசை. கார் கிடையாது. எங்கே தொடங்கலாம்?
– வாசகி, குரோய்டன்

லண்டனுக்குத் தெற்கே உள்ள பாக்ஸ் ஹில் குன்றில் தொடங்குங்கள். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்தில் இறங்கி, நார்த் டவுன்ஸ் வே தடத்தில் கிழக்கே மெர்ஸ்தம் வரை ஓடினால் சுமார் 16 கி.மீ. மெர்ஸ்தமிலிருந்து ஈஸ்ட் குரோய்டனுக்கு நேரடி ரயில் உண்டு. வழி நெடுக ஓக் கொட்டைச் சின்னம் பொறித்த கம்பங்கள் வரும். பிரிவுகளில் அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

ஆரம்பத்திலேயே மோல் ஆற்றைக் கற்களில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். மழைக்குப் பின் கற்கள் மூழ்கியிருந்தால் பக்கத்திலுள்ள நடைபாலத்தால் போங்கள். அடுத்து வரும் செங்குத்தான படிகளில் ஓடவே வேண்டாம். கைகளைத் தொடையில் ஊன்றி நடந்தால் மூச்சும் மிச்சம், கெண்டைக்காலும் பிழைக்கும். அதற்குப் பிறகும் ஏற்றம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். கோலி ஹில் ஏற்றம் பாதிக்கு மேல் ஓடிக் களைத்த பிறகுதான் வரும்.

பூங்கா வேகத்தில் 16 கி.மீ.க்கு 1 மணி 45 நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். காய்ந்த கோடையில் இரண்டேகால் மணி நேரமும், ஜனவரியில் மூன்று மணி நேரமும் ஒதுக்குங்கள். காரணம் மண்தான். இந்த மேடு முழுக்கச் சீமைச்சுண்ணாம்புப் பாறை. காய்ந்திருந்தால் கால் நன்றாகப் பிடிக்கும்; நனைந்தால் மேற்பரப்பு சோப்புப் போல வழுக்கும். மேட்டின் உச்சியில் பல இடங்களில் அதன்மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் மூடிக் கிடக்கிறது. மலையுச்சியில் தண்ணீர் வடிந்திருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் கணுக்கால் சேற்றில் நிற்பது அதனால்தான். இறக்கத்தில் எட்டிக் கால் போடாமல் குட்டிக் குட்டி அடியாக வையுங்கள்.

வரைபடத்தில் பாதை இருக்கிறது. நேரில் போனால் உழுத வயல்தான் இருக்கிறது. குறுக்கே போனால் அத்துமீறலா?
– வாசகர், லெஸ்டர்

எந்தக் கோடு என்பதைப் பொறுத்தது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 அளவுள்ள எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடுகள்தான் பொதுவழி உரிமை: குட்டைக் கோடுகள் நடைபாதை, நீண்ட கோடுகள் குதிரைப்பாதை. கறுப்புப் புள்ளிக்கோடு, தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். போக உரிமை இருப்பதாகச் சொல்லாது. கைப்பேசிச் செயலிகள் பலவும் இரண்டையும் ஒரே மாதிரி காட்டிவிடுவதில்தான் சிக்கலே வருகிறது. களத்தில் மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரைப்பாதை.

பச்சைக் கோடு என்றால் தயங்காமல் அதே நேர்கோட்டில் போங்கள். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழ அனுமதி உண்டு. ஆனால் பொதுவாக 14 நாளுக்குள் நடைபாதையை 1 மீட்டர் அகலத்துக்குச் சமன்செய்து தர வேண்டியது நிலக்காரரின் கடமை. வரப்பை ஒட்டிய பாதையை உழவே கூடாது. அடைத்திருந்தால் படமெடுத்து, இடக்குறியீட்டோடு உள்ளூர் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். புகார் போகாத பாதைகள்தான் மெல்ல மெல்ல மறைந்துபோகின்றன.

மாடுகள் நிற்கும் வயலைக் கடப்பது எப்படி? நாயும் கூட வரும்.
– வாசகி, ரெடிங்

ஓடாதீர்கள், நடங்கள். கன்றுள்ள பசுவிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். மந்தை பாதைமேல் நின்றால் விலகிச் சுற்றிப் போய், மறுபடி பாதையில் சேருங்கள். நாயைக் கயிற்றில் பிடித்து அருகிலேயே வைத்திருங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி பெரும்பாலும் நாய்தான்; அது ஓடித் தப்பிவிடும். அதைக் காப்பாற்றப் போய்த்தான் ஆட்கள் மிதிபடுகிறார்கள்.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் போய் கிண்டர் ஸ்கவுட் ஓட நினைக்கிறேன். என்ன தயாரிப்பு வேண்டும்?
– வாசகர், சால்ஃபர்ட்

1932-இல் நடந்து திரியும் உரிமைக்காகத் தொழிலாளர்கள் திரண்டு ஏறிய மேடு அது. ஓடத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போக வேண்டிய இடம். ஈடேல் நிலையத்தில் இறங்கி, பென்னைன் வே தடத்தில் அப்பர் பூத், ஜேக்கப்ஸ் லேடர் வழியாக கிண்டர் லோ ஏறி, மேட்டின் தெற்கு விளிம்பை ஒட்டியே கிரைண்ட்ஸ்லோ நோல் வந்து, ஈடேலுக்கு இறங்குங்கள். ஏறத்தாழ 13 கி.மீ. நீளம், 400 மீட்டருக்கு மேல் ஏற்றம்.

மேட்டின் நடுவே குறுக்கு வழி தேடாதீர்கள். அங்கே தரை முழுக்கப் பீட் என்னும் கரிய மட்கு நிலம். தண்ணீர் அரித்த பள்ளங்கள் ஆளுயரத்துக்கு வளைந்து வளைந்து போகும். பத்து முறை ஏறி இறங்கினால் திசையே மறந்துவிடும். மூடுபனி வந்தால் சொல்லவே வேண்டாம். விளிம்புப் பாதையில் பாறை உண்டு, ஒரு பக்கம் சரிவு உண்டு, வழி பிடிபடும். கல் பாவிய இடங்கள் உறைபனியில் கண்ணாடியாகிவிடும். ஓரத்துப் புல்லில் கால் வையுங்கள்.

தையலில் நீர் புகாத மேற்சட்டையும் கால்சட்டையும், தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், தலைவிளக்கு, கூடுதலாக 300 கலோரி தின்பண்டம்: இவை எந்த மாதத்திலும் வேண்டும். ஓடும்போது சூடாக இருக்கும் உடம்பு, கணுக்கால் பிசகி உட்கார்ந்த சில நிமிடங்களில் நடுங்க ஆரம்பிக்கும். சுமை அதற்காகத்தான். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைவதால், மதியம் 12 மணிக்குப் பிறகு கிளம்பாதீர்கள். ஆபத்தென்றால் 999 அழைத்து முதலில் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு.

எல்லாத் தடத்துக்கும் ஒரே ஷூ போதுமா?
– வாசகர், பாத்

சேறும் பீட்டும் என்றால் அடிப்பல், அதாவது ஷூவின் அடியில் துருத்தும் ரப்பர் முனை, 6 முதல் 8 மி.மீ. வேண்டும், காய்ந்த சுண்ணாம்பு மேட்டுக்கு 4 மி.மீ. போதும். ஆழமான பல்லோடு கடினத் தரையில் ஓடினால் பல் சீக்கிரம் தேயும், பாதமும் வலிக்கும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 5 மி.மீ. வாங்குங்கள். சேறு குதிகாலை உறிஞ்சிக் கழற்றாமலிருக்க, கடைசித் துளையில் நாடாவை வளையமாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அதில் நுழைத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ரேடியேட்டர்மேல் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பெயர்ந்துவிடும்.