மஞ்சள் வெட்டுக்குத் தேறிவிடுவேனா அக்கா?

கேள்வி: எனக்கு 46 வயது. கொடிவேரி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள், இரண்டு கறவை மாடு. தோட்டத்துச் சாளையில்தான் குடியிருக்கிறோம். வைகாசியில் மஞ்சள் நட்ட கையோடு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் ஆனது. இரண்டாம் கட்டம் என்றார்கள், அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிவப்பு மருந்து, அப்படி நான்கு. அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. ஆனிக் கடைசியில் ஆரம்பித்து இப்போது இரண்டு முடிந்திருக்கிறது. முடி கொட்டிவிட்டது. வீட்டுக்காரர் மாட்டை விற்றுவிடலாம் என்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் ‘தைரியமாக இரு’ என்கிறார்கள். தைரியம் எங்கிருந்து வரும்? மஞ்சள் வெட்டுக்காவது தேறிவிடுவேனா?
— பெயர் வேண்டாம், கோபி வட்டம்

பதில்: அம்மணி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆனிக் கடைசியில் ஆரம்பித்தால் நான்காவது சிவப்பு மருந்து ஆவணிக் கடைசியில் முடியும். வாரா வாரம் போடுவது புரட்டாசி நடுவில் தொடங்கி மார்கழி பிறக்கும்போது முடியும். ரத்த அணு குறைந்தால் ஒன்றிரண்டு ஊசி ஒரு வாரம் தள்ளிப்போகும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர். உங்கள் காடு வெட்டுக்கு வரும்போது கீமோ முடிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கும் நோய் அணுக்களையும் அழித்து நோய் திரும்பாமல் இருப்பதற்காக. உங்களைக் குணமாக்கத்தான் வைத்தியம் நடக்கிறது.

நானும் தாராபுரம் பக்கம் தோட்டத்தில் இருந்துகொண்டுதான் இதே மருந்துகளை ஏற்றிக்கொண்டேன். ‘தைரியமாக இரு’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தைரியத்தை வலிந்து வரவழைக்க வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், அழுததால் மருந்து வேலை செய்யாமல் போய்விடாது. அடுத்த வாரம் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்புதான் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது. அந்த வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சிவப்பு மருந்தும் ஏறிய முதல் வாரம் எந்த வேலையும் வேண்டாம். குமட்டும், வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ருசி இருக்கும். சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரண்டு நாளைக்கு மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும் என்பதால் கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், உங்கள் துணியை அலசுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது வாரம்தான் ஏமாற்றும். உடம்பு தெளிந்த மாதிரி இருக்கும், கட்டுத்தரைக்குப் போகலாமே என்று தோன்றும். ஆனால் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் சாணி வழிக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த சோளத்தட்டுப் போரைக் கிளறினால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தோட்டத்துச் சாளைக்கு ஆட்டோ சீக்கிரம் வராது. வண்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது வாரம் உங்களுடையது. நான் வெயில் தாழ்ந்ததும் செருப்புப் போட்டுக்கொண்டு கிணற்று மேடு வரை நடப்பேன். எந்தப் பாத்தி காய்கிறது, எந்தக் கிடேரி பருவத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்து மருமகளிடம் சொல்வேன். பால் சொசைட்டிக் கணக்கை நானே எழுதினேன், அதை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. கையால் செய்த பண்ணையத்தைக் கொஞ்ச நாள் கண்ணாலும் வாயாலும் செய்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். இலைப்புள்ளி வந்திருக்கிறதா என்று வரப்பிலிருந்தே பாருங்கள், மருந்து அடிக்கும் நாளில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாட்டை இப்போது விற்க வேண்டாம் என்பது என் எண்ணம். நோய் வந்த வீட்டு மாடு என்று தெரிந்தால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். கறக்க ஆள் இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் உறவில் யாரிடமாவது பங்குக்கு வளர்க்க விடுங்கள். பணத்துக்காக என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கீமோவும் வரும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிவிட்டீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்று ஒரு சொந்தக்காரர் கட்டாயம் வருவார். என் வீட்டுக்கு ஒரு சாக்கு இலையே வந்தது, வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். டாக்டருக்குத் தெரியாமல் எந்தக் கஷாயமும் பொடியும் வேண்டாம். சிலது மருந்தின் வேலையைக் கெடுக்கும், சிலது ஈரலைக் கெடுக்கும்.

வாரா வாரம் போடும் மருந்தில் வாந்தி குறைவு. ஆனால் விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப்போகலாம், முள் குத்தினாலும் தெரியாது. வாய்க்காலில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். மரப்பு அதிகமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். நெறிக்கட்டி எடுத்த இடது கையில் குடம், தட்டுக்கட்டு எதையும் தூக்கக் கூடாது, ரத்தம் எடுப்பதும் வலது கையில்தான். வீங்க ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன கைப்பயிற்சியை விடாமல் செய்தால்தான் கை முழுதாக மேலே போகும். முடி, கீமோ முடிந்த சில மாதங்களில் முளைத்துவிடும். எனக்கு முன்பை விடச் சுருட்டையாக வந்தது.

கதிர்வீச்சு உண்டா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். உண்டு என்றால் அது அநேகமாகத் தையில் வரும், வெட்டை மாசிக்குத் தள்ளிக்கொள்ளலாம். வெட்டு ஆட்களிடம் வீட்டுக்காரரை முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். வேக வைக்கும் புகைக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள். ஈரோட்டில் விலை பேசும்போது நீங்களும் கூட இருங்கள்.