ஆச்சி பதில்கள்: சாந்தி முடிந்த மதியம்

கேள்வி: வணக்கம் ஆச்சி. வைகாசியில் எங்கள் அப்பச்சிக்குத் திருக்கடையூரில் அறுபதாம் சாந்தி. இரண்டு வேனில் முப்பத்தெட்டுப் பேர் போகிறோம். சாந்தி முடிந்த மதியம் தரங்கம்பாடியை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடலாமா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: பார்க்கலாம் தம்பி, வெயிலை. வைகாசி மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கடற்கரையில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் அயித்தானுக்குச் சாந்தி நடந்தபோது நாங்களும் இதே திட்டம்தான் போட்டோம். பட்டுப்புடவையோடு, பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போய் இறங்கினோம். அன்று வெள்ளிக்கிழமை. டேனிஷ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. பூட்டைப் பார்த்தோம், ஆளுக்கொரு நன்னாரி சர்பத் குடித்தோம், வேனில் ஏறிவிட்டோம். வீட்டில் இன்றைக்கும் தரங்கம்பாடி என்றால் சர்பத்தைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் முப்பத்தெட்டுப் பேரையும் இழுக்காதீர்கள். பெரியவர்களையும் பாத்திரம் பண்டத்தையும் ஒரு வேனில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். ஆசைப்படுகிற பத்துப் பேர் மட்டும் அன்று இரவு தரங்கம்பாடியில் தங்குங்கள். திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, காபி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுந்து கடலுக்குப் போய்விடுங்கள்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, எழுநூறு வருஷமாகிறது. இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் இருந்ததை அந்தக் காலக் கல்வெட்டுதான் சொல்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது கரையில் பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். நான் இரண்டாவது தடவை போனபோது அந்தக் கற்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். நம் பக்கத்து நீண்ட வளவு வீட்டில் பத்துக் கட்டு தள்ளி யாரோ பேசுகிற மாதிரி அலை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் மீனவர்கள் இருக்கும் பக்கம் நடந்து போங்கள். ஃபைபர் படகுகள் கரையேறும் நேரம் அது. ஒரு பெண் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நூலை அறுக்கவில்லை. கொடுக்கை ஒரு கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி, காலை மடக்கி மடக்கிக் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினார். ஒரு கால் ஒடியவில்லை. ஒடிந்தால் விலை போகாது என்றார். நான் நின்றது அவருக்கு வெளிச்சத்தை மறைத்தது போல, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா” என்றார். நீங்களும் தள்ளி நின்றே பாருங்கள். சுனாமியைப் பற்றி நாமாக விசாரிக்க வேண்டாம். 2004-இல் அந்தக் கரை இழந்தது கொஞ்சமில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அதைக் கதையாகச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்குக் கிடையாது.

வெயில் ஏறியதும் கோட்டை, சர்ச், நகர வாசல் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் நடக்கிற தூரம்தான். வேன் வாடகை வண்டி என்றால், நடுவில் காரைக்கால் வருகிறது, அது புதுச்சேரி எல்லை. பெர்மிட்டைப் பற்றி டிரைவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், சாந்தி அன்றைக்கு அல்ல.

கேள்வி: தரங்கம்பாடியில் மீன் நன்றாக இருக்குமாமே! மே மாதம் போனால் நல்ல சீலா கிடைக்குமா?
- காரைக்குடி வாசகி

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக. நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் சரியாக அப்போதுதான் வந்து தொலைக்கிறது. சிறு படகுகள் போகும். அவை கொண்டுவருகிற மத்தி, காரப்பொடி மீன், நண்டு கிடைக்கும். பெரிய மீனுக்கு வரத்தும் குறைவு, விலையும் அதிகம். அங்கே போய்ச் சீலா என்று கேட்காதீர்கள், வஞ்சிரம் என்று கேளுங்கள். நம் பக்கத்துக் கோட்டைப்பட்டினத்து மீன்காரரிடம் பேசுகிற பேச்சு அங்கே செல்லாது.

கேள்வி: தங்கத்தில் எழுதிய ஒப்பந்தம் ஒன்று உண்டு என்கிறார்களே, நிஜமா?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: நிஜம். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்த நாட்டில் பத்திரமாக இருக்கிறது. கோட்டை கட்டியதும் அந்த வருஷத்து உடன்பாட்டை வைத்துத்தான்.

கொண்டு விற்கப் போனவர்கள் வீட்டில் பிறந்ததால் எனக்கு எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் கணக்கு ஞாபகம்தான் வரும். கடைசிக் கணக்கைக் கேளுங்கள். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இருநூறு வருஷம் கடை வைத்தவர்கள், ஒரு கையெழுத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, சரக்கும் கப்பலும் அதன் பின்னாலேயே போய்விட்டன. வியாபாரம் போனதால்தான் ஊர் அப்படியே நிற்கிறது என்பது என் கட்சி. நம் பக்கத்து வீடுகள் பாதி பூட்டிக் கிடப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பக்கத்தில் பூம்புகார் இருக்கிறது. நகரத்தார் பூர்வீகம் அதுதானே, கட்டாயம் போக வேண்டுமா?
- கானாடுகாத்தான் வாசகி

பதில்: காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லிவருவது. பூர்வீக வீட்டுத் தூணைத் தேடிப் போனால் கடலும் மணலும்தான் இருக்கும். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, அதைப் பாருங்கள். மற்றபடி ஒரு பிடி மணலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாருங்கள், போதும்.

கேள்வி: பழைய சர்ச், பழைய கோட்டை என்றால் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய?
- குன்றக்குடி வாசகர்

பதில்: சீஸ் கதையைச் சொல்லுங்கள். சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் இருபத்து நான்கு வயதில் இங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்தார். ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்துகளும் வந்தன. ஆனால் எழுத்துகள் ரொம்பப் பெரிது, காகிதமோ பற்றாக்குறை. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்பார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தின் முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீட முத்திரை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறவருக்கு மனகோலம் பலகாரம் என்று பந்தயம் கட்டுங்கள். மறு வருஷமே அவர் இறந்துபோனார், அதே தேவாலயத்துக்குள் அடக்கம்.

இவ்வளவையும் என் பேத்தியிடம் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சரி ஆயா, டப்பாவிலிருந்த சீஸை யார் சாப்பிட்டா?” என்றாள். காரைக்கால் தாண்டும்வரை அதே கேள்விதான்.