நாடுகள் தங்கள் அதிகாரத்தைப் பொது அமைப்புகளிடம் உண்மையிலேயே விட்டுக்கொடுக்கின்றனவா?

மிக அரிதாகத்தான். பெரும்பாலான பன்னாட்டு அமைப்புகளில் நாடுகள் கூடிப் பேசி முடிவெடுத்தாலும், தமக்கு ஒவ்வாத முடிவிலிருந்து விலகிக்கொள்ள ஒரு வழியை வைத்துக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தைச் சேர்ந்தவன் என்பதால், ஐ.நா. சபையை விட்டுவிட்டு எங்கள் மீனவர்களைத் தொடும் ஓர் அமைப்பைக் கொண்டே விளக்குகிறேன்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தங்குகடல் படகு கரை சேர்ந்ததும், ஐஸிலிருந்து இறக்கும் கேரை மீனின் வால்பக்கத்தைச் சற்றே கீறி, சதையின் நிறத்தைப் பார்த்த பிறகே வியாபாரி விலை சொல்வார். மஞ்சள் துடுப்புச் சூரை என்று நூல்களில் குறிப்பிடப்படும் அந்த மீனுக்கு எந்த நாட்டின் 200 கடல்மைல் எல்லையும் பொருட்டல்ல. தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் தூண்டிலிட்டுப் பிடிக்கும் அதே இனத்தை ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுக் கப்பல்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலில் பெரும் சுருக்குவலைகளால் வளைத்துப் பிடிப்பதால், ஒரு நாடு தனியாகக் கட்டுப்பாடு விதித்துப் பயனில்லை. இதற்காகவே இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் அமைந்தது. அதன் ஒப்பந்தம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது, தலைமையகம் செஷல்ஸில் உள்ளது.

அங்கு மூன்றில் இரு பங்கு வாக்குகளால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம். ஆனால் 120 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஆட்சேபித்தால் மற்றவர்களுக்கும் அந்தக் கடப்பாடு இல்லை. கேரை மீன்வளத்தை மீட்க 2021-இல் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தை இந்தியா, இந்தோனேசியா, ஓமன் உள்ளிட்ட நாடுகள் ஆட்சேபித்து விலகின. இதை வெறும் பிடிவாதம் என்று நான் கருதவில்லை. யார் எவ்வளவு பிடிக்கலாம் என்ற வரம்புக்குப் பல ஆண்டுகளாக அதிகம் பிடித்தவர்களின் பழைய கணக்கை அடிப்படையாக வைத்தால், பிந்தி ஆழ்கடலுக்கு வந்த நாடு ஒப்புக்கொள்வது கடினம்.

இதற்கு நேர்மாறானது ஐரோப்பிய ஒன்றியம். நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் வைக்க ஆறு நாடுகள் 1951-இல் பாரிஸில் செய்த உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த அந்த அமைப்பிடம், கடல்மீன் வளப் பாதுகாப்பு குறித்த அதிகாரத்தை உறுப்பு நாடுகள் முழுமையாக ஒப்படைத்துவிட்டன. ஆகவே சூரை ஆணையத்தில் ஸ்பெயினுக்குத் தனி இருக்கை கிடையாது. ஒன்றியமே ஒரு உறுப்பினராக அமர்கிறது. (பிரான்ஸ் தன் கடல்கடந்த பகுதிகளுக்காக மட்டும் தனியே அமர்கிறது.)

வேடிக்கை என்னவென்றால், மீன்களைத் திரட்டும் மிதவைகளைக் கட்டுப்படுத்த 2023-இல் மொம்பாசாவில் நிறைவேறிய தீர்மானத்தை ஆட்சேபித்தவர்களில் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்று. தன் உறுப்பு நாடுகளுக்கு மீன்பிடிச் சட்டம் வகுக்கும் அமைப்பே, தனக்கு மேல் இன்னொரு சபை கட்டளையிடும்போது விலகும் வழியைத் தேடியது. ஆட்சேபங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதால், அந்தத் தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தாமல் போனது.