பட்டறைக் கேள்வி பதில்: பிட் நழுவினால் காலெட்டைப் பாருங்கள்

போன மாதம் மின்கருவிகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரூட்டரும் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டுகிற மெஷின்) அதன் சின்ன வடிவமான டிரிம்மரும்தான், அதனால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்று நிறையப் பேர் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அழுக்குப் பிடித்த காலெட்டும் (பிட்டைப் பிடித்திருக்கிற கவ்வி) மழுங்கிய பிட்டும்தான் (சுழன்று மரத்தை வெட்டுகிற துண்டு) பெரும்பாலும் கையைப் பதம் பார்க்கின்றன.

கேள்வி: தேக்கு நிலைச்சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது 6 மில்லி ஆழம் வைத்தால் முடிக்கும்போது 8 மில்லி ஆகிவிடுகிறது. பிட் தானாக இறங்குகிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இதே கதைதான். மெஷினை மாற்றிவிடலாமா? (தச்சர், செங்கோட்டை)

பதில்: மாற்றாதீர்கள். முதலில் பிட்டின் ஷாங்க்கை (காலெட்டுக்குள் போகிற தண்டு) வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் 6 மில்லி ஷாங்க்கும் கால் இஞ்ச் ஷாங்க்கும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கால் இஞ்ச் என்றால் 6.35 மில்லி. அந்த 0.35 மில்லிதான் உங்கள் தொல்லைக்குக் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. 6 மில்லி ஷாங்க்கைக் கால் இஞ்ச் காலெட்டில் போட்டாலும் நட்டு இறுகும், கைக்கு இறுகிய மாதிரியே இருக்கும், ஆனால் காலெட் அதை முழு நீளத்துக்கும் பிடித்திருக்காது. கணு வந்த இடத்தில் கொஞ்சம் அதிர்ந்ததும் பிட் நழுவ ஆரம்பிக்கும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நட்டைக் கழற்றி காலெட்டை வெளியே எடுங்கள். அதன் பிளவுகளுக்குள் தேக்கின் பிசினும் நுண்ணிய தூளும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடக்கும். ஷாங்க்கையும் பாருங்கள்: பழுப்பு நிறத்தில் வளையமாகக் கறை இருந்தாலோ, நகத்தால் தடவும்போது கீறல் தட்டுப்பட்டாலோ, ஓடும்போது அது காலெட்டுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். காலெட்டின் உட்பக்கத்தைச் சின்னப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அது உட்காருகிற கூம்பையும் காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் மாட்டுங்கள். எமரித் தாள் மட்டும் வேண்டாம், தேய்த்தால் அளவே போய்விடும்.

அப்புறம், பிட்டை அடியில் முட்டும்வரை தள்ளி அப்படியே இறுக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முட்டும்வரை தள்ளி, பிறகு 2 அல்லது 3 மில்லி வெளியே இழுத்து இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது காலெட் உள்ளே இறங்கும், அப்போது ஷாங்க்கும் கூடவே இறங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் பிடி சரியாக விழாது. அதற்காக ரொம்ப வெளியே இழுத்துவிடவும் கூடாது, ஷாங்க்கின் நீளத்தில் முக்கால் பங்காவது காலெட்டுக்குள் இருக்கட்டும். பிட் இல்லாமல் வெறும் காலெட்டை ஸ்பேனர் வைத்து இறுக்குவதும் தப்பு, வாய் சுருங்கிவிடும்.

பத்து வருடங்களுக்கு முன்னால் எனக்கே இது நடந்தது. அவசர வேலை, அலமாரிக் கதவு. கைக்குக் கிடைத்த 6 மில்லி பிட்டைக் கால் இஞ்ச் காலெட்டில் போட்டு ஓட்டினேன். பாதி தூரத்தில் சத்தம் மாறியது, கீச்சென்று மெலிதாக ஆரம்பித்து கரகரவென்று ஆனது. இன்னும் ஒரு அடிதானே என்று தொடர்ந்தேன். பிட் இறங்கி, கீழே இருந்த கிளாம்ப்பின் இரும்பில் பட்டு, அதன் கார்பைடு முனை தெறித்து என் புருவத்துக்கு மேலே இறங்கியது. இரண்டு தையல். இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண். அன்றிலிருந்து சத்தம் மாறினால் நான் சுவிட்சை அணைத்துவிடுவேன், ஒரு அங்குலம்தான் பாக்கி என்றாலும் சரி. கண்ணாடி போடாமல் மெஷினைத் தொடுவதும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் நழுவினால் காலெட் தேய்ந்துவிட்டது. மெஷின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு, பிட் மாதிரியே அதுவும் தேய்கிற பொருள்தான், வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை பழகுகிறேன். புது டிரிம்மரில் பலகையின் விளிம்பை உருட்டும்போது (கூர் விளிம்பை வளைவாக்கும்போது) மெஷின் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டது. பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டேன். எனக்குக் கை பலம் போதவில்லையா? (மென்பொருள் ஊழியர், கோவை)

பதில்: பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நகர்த்திய திசைதான் காரணம். கையில் பிடிக்கிற ரூட்டரை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போலச் சுற்றுகிறது. பலகை உங்களுக்கு எதிரே, உருட்ட வேண்டிய விளிம்பு உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக நகர்த்தினால் பிட்டின் பல் மரத்தை எதிர்த்து வெட்டும், மெஷின் லேசாக உங்களைப் பின்னால் தள்ளும், அந்தத் தள்ளல் இருக்கும்வரை மெஷின் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வலமிருந்து இடமாகப் போனால் அதே பல் மரத்தின்மேல் சக்கரம் மாதிரி ஏறி ஓடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆக, பலகையின் வெளி விளிம்பைச் சுற்றும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, சட்டத்தின் உள் விளிம்பு என்றால் முள்ளின் திசை. நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளைப் பென்சிலால் பலகை மேலேயே அம்புக்குறி போடச் சொல்வேன். நாலு அம்புக்குறி போட அரை நிமிடம்கூட ஆகாது, நீங்களும் போடுங்கள். நாலு பக்கமும் உருட்டுவதாக இருந்தால் குறுக்கு இழை தெரிகிற இரண்டு தலைப்பக்கங்களை முதலில் முடியுங்கள். அங்கே மூலையில் சிம்பு பெயர்ந்தாலும், பிறகு நீள விளிம்பை ஓட்டும்போது அது வெட்டுப்பட்டுப் போய்விடும். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வேண்டாம், கால் இஞ்ச் ஷாங்க் பிட் என்றால் ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு மேசையோடு பிடித்துவிடுங்கள், ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற வேலையே வேண்டாம். பிட் மரத்தைத் தொடாதபடி வைத்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். அணைத்த பிறகும் அது சில நொடி சுற்றும், நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

மறுபடியும் எடுத்துப் பழகுங்கள், முதலில் ஒரு வேஸ்ட் ரீப்பர் துண்டில். திசை சரியாக இருந்தால் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: பிட் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, தேக்கு மரம் கருகுகிறது. வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்கிறார்கள். (காரைக்குடி)

பதில்: கூட்டினால் இன்னும் கருகும். கருகலுக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: கை ஒரே இடத்தில் தேங்கி நிற்பது, பிட்டில் பிசின் ஏறியிருப்பது, முனை மழுங்கியிருப்பது. தேக்கில் மணல்சத்து உண்டு, கார்பைடு முனையையே அது சீக்கிரம் தேய்த்துவிடும், அதனால் ஒரு மாதத்தில் மழுங்கியதில் ஆச்சரியமில்லை. பிட்டின் பேரிங்கைக் (மர விளிம்பை ஒட்டிச் சுற்றுகிற சின்னச் சக்கரம்) கழற்றி வைத்துவிட்டு, பிட்டை மட்டும் சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காய வையுங்கள். பேரிங்கை ஊறப்போட்டால் உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும், அப்புறம் அது சுற்றாமல் மரத்தின் விளிம்பையே சுட்டுவிடும். சாணை பிடிப்பதாக இருந்தால் வைர அரம் கொண்டு பல்லின் தட்டையான முகத்தில் மட்டும் நாலைந்து இழுப்பு, இரண்டு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. சரிவான பக்கத்தைத் தொட்டால் பிட்டின் அளவு மாறிவிடும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். 25 மில்லி விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 75 மில்லி பிட்டை மாட்டினால் விளிம்பின் வேகம் சுமார் 340 கிலோமீட்டர்! அதனால்தான் பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்றைக் குறைக்கச் சொல்கிறோம். 50 மில்லிக்கு 18,000-க்கு மேல் போகாதீர்கள், 75-க்கு 12,000 பக்கம் வையுங்கள். பிட்டின்மேல் உச்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. டிரிம்மர்களில் பல ஒரே வேகத்தில், 30,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடுபவை, அவற்றில் பெரிய மோல்டிங் பிட்டை மாட்டவே கூடாது.

கேள்வி: என் கணவர் பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) வேலை செய்கிறார். ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார். இப்போது டிவி சத்தத்தையும் கூட்டி வைக்கிறார். (வாசகி, விழுப்புரம்)

பதில்: சகோதரி, இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணே, துண்டு பெரிய சுருளைத்தான் தடுக்கும். நுரையீரல்வரை போகிற தூள் கண்ணுக்கே தெரியாத அளவு, அது துண்டின் இழைக்குள் தாராளமாகப் புகுந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது, குறிப்பாக மூக்குப் பகுதியில். எம்.டி.எஃப் பலகையின் பசையில் இருக்கிற ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியலில் இருக்கிறது. என்95 முகமூடி மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று போகாதபடி போட வேண்டும். வேலை முடிந்ததும் புளோயர் அடித்து உடம்பிலிருக்கிற தூளைத் தட்டுகிறோமே, அப்போதுதான் அதிகம் பறக்கும், அது முடியும்வரை முகமூடியைக் கழற்றாதீர்கள். முடிந்தால் ரூட்டரின் தூள் வாயில் வேக்குவம் குழாயை மாட்டுங்கள், பழைய வேக்குவம் கிளீனரானாலும் பரவாயில்லை.

டிவி சத்தம் கூடுவது காது போகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். ரூட்டர் மரத்தைக் கடிக்கும்போது அந்தப் பக்கத்துக்கே போய்விடும். ஒரு ஜோடி காதடைப்பான் பத்து ரூபாய் இருபது ரூபாய்க்கெல்லாம் கிடைக்கிறது. போன காது திரும்பி வராது அண்ணே. இருமலுக்கு நாட்டு மருந்து பார்த்துக்கொண்டு இருக்காமல் அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள், மரவேலை செய்கிறேன் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு பிளைவுட் அறுக்கலாமா? எல்லாரும் செய்கிறார்களே. (பல வாசகர்கள்)

பதில்: செய்யாதீர்கள். வட்ட ரம்பத்தில் கீழ்க் கவசம் வெட்டு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும், மார்பிள் கட்டரில் அது கிடையாது, தரையில் வைக்கும்போதும் பல் திறந்தே சுற்றிக்கொண்டிருக்கும். 4 இஞ்ச் கிரைண்டரில் கவசத்தைக் கழற்றிவிட்டு மர பிளேடு மாட்டுவது அதைவிட மோசம், பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உங்கள் முகத்துக்கோ தொடைக்கோ எகிறும். எல்லாரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன், விரல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரூட்டரின் பின்பக்கத் துளையில் தீப்பொறி தெரிகிறது, சில சமயம் நின்று நின்று ஓடுகிறது. ஷாக் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. (பயிற்சித் தச்சர், நாகர்கோவில்)

பதில்: லேசான நீலப் பொறி சகஜம்தான். நின்று நின்று ஓடினால் கார்பன் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற துண்டு) தேய்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரு பக்கமும் இருக்கிற மூடியை ஸ்குரூ டிரைவரால் திறந்து பாருங்கள். கார்பனில் போட்டிருக்கிற எல்லைக்கோடுவரை தேய்ந்திருந்தால், கோடு இல்லை என்றால் 5, 6 மில்லிதான் மிச்சம் என்றால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பொறி வளையமாகச் சுற்றி ஓடினால் மட்டும் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) கோளாறு, அதைக் கடையில் காட்டுங்கள்.

ஷாக் பயம் நல்ல பயம். சைட்டில் வயரைச் சீவி சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி ஓட்டுகிறார்கள், அந்த இடத்தில் மெஷினை எடுக்க மாட்டேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிற லைனில் மட்டும் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுசாக விரித்துவிடுங்கள், சுருட்டியபடியே ஓட்டினால் வயர் சூடேறும். கரண்ட் போனால் முதல் வேலையாகச் சுவிட்சை அணையுங்கள், லாக் பட்டன் விழுந்திருந்தால் கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே ரூட்டர் மேசையில் ஓட ஆரம்பிக்கும். கையில் சாமிக் கயிறோ மோதிரமோ இருந்தால் வேலை முடியும்வரை கழற்றி வைத்துவிடுங்கள், கழுத்துத் துண்டையும்தான். கையுறையும் வேண்டாம், சுற்றுகிற பிட் அதைப் பிடித்து இழுத்தால் விரலும் கூடப் போகும்.

புதுக் கார்பன் மாட்டியதும் நேராகத் தேக்கில் இறக்காதீர்கள். அதன் முனை நேராக இருக்கும், ஆர்மேச்சரின் வளைவுக்கு அது உட்கார வேண்டும். பிட்டையும் நட்டையும் கழற்றி வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பொறி குறைந்துகொண்டே வருவது துளை வழியாகவே தெரியும்.